வெள்ளிக்கிழமை வரவேண்டிய கடிதம்: ஒரு வேலைத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் சின்ன கன்சல்டன்சி எங்களுடையது. நான்கு பேர், ஒரு அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது மெயில் பெட்டி. 2024 ஜூன் முதல் நவம்பர் வரை எங்கள் வழியாகப் போன ஒரு கேண்டிடேட்டுக்கு நடந்ததைத் தேதிவாரியாக இங்கே எழுதுகிறேன். அவர் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்திக் கொடுத்த பிறகே வெளியிடுகிறேன். ஆட்கள், கம்பெனிகள் யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பங்குக்கு நடந்த தப்பை மட்டும் உள்ளபடியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

கேண்டிடேட்டுக்கு அப்போது 32 வயது. டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. மெக்கானிக்கல் படித்தவர். சொந்த ஊர் தருமபுரி பக்கம். அலுமினியம் டை காஸ்டிங் (உருக்கிய உலோகத்தை ‘டை’ என்ற அச்சில் அழுத்தி வார்ப்பது) செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. வருடச் சம்பளம் 7 லட்சத்து 20 ஆயிரம். நோட்டீஸ் பீரியட் 60 நாள். மனைவி வேலைக்குப் போகவில்லை, பெண் குழந்தை எல்.கே.ஜி. படிக்கிறாள். இப்போதைய இடத்தில் அவருக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. மேலே போக இடமில்லை, அவ்வளவுதான். அவருக்கு மேலே இருப்பவருக்கு 41 வயது, அவர் எங்கேயும் போகப்போவதில்லை.

ஆள் கேட்டது ஒரகடம் பக்கம் உள்ள வாகன உதிரிபாகக் கம்பெனி. பெரிய இடம். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில். சப்ளையர்களிடமிருந்து வரும் பாகங்களின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வேலை. ஜூன் 3ஆம் தேதி வந்த மெயிலின் தலைப்பிலேயே ‘மிக அவசரம்’ என்று இருந்தது. 30 நாளுக்குள் ஆளை முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். கேண்டிடேட்டிடம் நாங்கள் பைசா வாங்குவதில்லை. ஆள் சேர்ந்தால் கம்பெனி எங்களுக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் கொடுக்கும், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அவர் சேர்ந்து இத்தனை நாள் நிலைத்த பிறகுதான் பில் பாஸாகும். ஆள் சேரவில்லை என்றால் எத்தனை போன் பேசியிருந்தாலும் பூஜ்யம். ஆகவே ஒரு கேண்டிடேட் கடைசிச் சுற்று வரை போய்விட்டால், அவர் பின்வாங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவரைவிட எங்களுக்குத்தான் அதிகம் இருக்கும்.

ஜூன்: போன், வீடியோ, நேரில்

ஜூன் 12 அன்று கம்பெனியின் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ் போனில் பதினைந்து நிமிடம் பேசினார். இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நாளில் வர முடியும் என்பதுதான் கேள்வி. அந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று இவர் திருப்பிக் கேட்டதற்கு, “அது இன்டர்வியூ பெர்ஃபார்மன்ஸ் பொறுத்து” என்று பதில். ஜூன் 19 அன்று தரப் பிரிவு மேலாளர் வீடியோவில் 50 நிமிடம் பேசினார். நல்ல இன்டர்வியூ. காஸ்டிங், மெஷினிங், அளவைக் கருவிகள், சப்ளையர் ஆடிட் என்று ஆழமாகவே போயிருக்கிறது. வெளியே வந்ததும் இவர் எனக்குப் போன் செய்து, “அண்ணா, விஷயம் தெரிஞ்ச மனுஷன்” என்றார்.

ஜூன் 27 அன்று நேரில் வரச் சொன்னார்கள். முதல் நாள் ஷிப்ட் முடித்துவிட்டு இரவு பஸ் ஏறி, அதிகாலை நான்கு மணி வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் லாட்ஜ் எடுத்தால் முழு வாடகை கேட்பார்கள் என்பதால் பெட்ரோல் பங்க் கழிவறையில் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒரு டீக்கடை பெஞ்சில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் கேட்டில் நின்றார். விசிட்டர் ஸ்லிப், மொபைல் கேமராவுக்கு ஸ்டிக்கர், பையைப் பிரித்துக் காட்டுவது எல்லாம் முடிந்து, ரிசப்ஷனில் பத்து மணிக்கு உட்கார்ந்தவரை இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். மேலாளர் கஸ்டமர் ஆடிட்டில் மாட்டிக்கொண்டார். அது யார் தப்பும் இல்லை. ஆனால் அந்த நாலரை மணி நேரத்தில் ‘தாமதமாகும், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று இவரும் நகரவில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண்மணிதான் பாவம் பார்த்து ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தாராம்.

இன்டர்வியூ இருபது நிமிடம். வீடியோவில் கேட்ட அதே கேள்விகளை வேறொருவர் கேட்டார். முதல் சுற்றின் குறிப்பு அவர் கையில் இல்லை. போக்குவரத்துச் செலவு பற்றி இவர் கேட்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

ஜூலை: அந்த 8டி அறிக்கை

ஜூலை 4 வியாழன் மாலை ஒரு மெயில் வந்தது. ‘மதிப்பீட்டுப் பயிற்சி’ என்று தலைப்பு. டை காஸ்டிங் செய்த ஒரு ஹவுசிங், மெஷினிங் முடிந்த பிறகு லீக் டெஸ்டில் தோற்கிறது. நான்கு போட்டோ, ஒரு ரிஜெக்ஷன் அட்டவணை. திங்கள் காலைக்குள் முழு 8டி அறிக்கை வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: 8டி என்பது ஒரு குறையை எட்டுப் படிகளில் தீர்க்கும் முறை. ஃபோர்டு 1980களில் பரப்பியது. இன்று வாகனத் துறையில் கஸ்டமரிடமிருந்து புகார் வந்தால் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் பதில் போக வேண்டும். குழு அமைப்பது, உடனடித் தடுப்பு, மூல காரணம், நிரந்தரத் தீர்வு என்று போகும். ஒழுங்காகச் செய்தால் ஒரு குழுவுக்கே சில நாள் பிடிக்கிற வேலை.

இவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து 14 பக்கம் எழுதினார். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் ஒன்பது வருட அனுபவம் எப்படி இருக்கும் என்று அதில் பார்த்தேன். வெட்டு முகப் போட்டோவில் துளைகள் வட்டமாக, உட்சுவர் வழவழப்பாக இருக்கின்றன. சுருங்கியதால் வந்த துளையாக இருந்தால் கோணல்மாணலாக, பிசிறுபிசிறாக இருக்கும். ஆகவே இது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு. அச்சிலிருந்து காற்றை வெளியே விடும் காற்றுப்போக்கிகள் அடைத்திருக்கலாம், அல்லது டை மேல் அடிக்கும் லூப்ரிகன்ட் அதிகமாகி ஆவியாகியிருக்கலாம். மெஷினிங்கில் மேல்தோலை எடுத்ததும் அந்தத் துளைகள் திறந்துகொள்கின்றன, அதனால்தான் லீக். உடனடித் தடுப்பாக இம்ப்ரெக்னேஷன், அதாவது துளைகளுக்குள் பிசின் ஏற்றி அடைப்பது. நிரந்தரமாக, ஷிப்ட்டுக்கு ஒரு தடவை காற்றுப்போக்கிகளைச் சுத்தம் செய்து கையெழுத்துப் போடும் அட்டை.

அனுப்பிய அன்று ராத்திரி அவர் சொன்னது: “அண்ணா, போட்டோல பார்ட் மேல தேதி முத்திரை இருக்கு. ரெண்டு வாரம்தான் ஆகுது. இது பரீட்சைக்கு வெச்ச கேள்வி இல்ல, இப்ப அவங்களுக்கு ஓடிக்கிட்டிருக்கிற பிரச்சினை.”

நான் சொன்ன பதில்: “அப்ப இன்னும் நல்லது தம்பி. நீங்க வந்தா தீர்ந்துடும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

வேலையைச் செய்து காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. ஆளை எடைபோட அது நல்ல வழி என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளின் பட்டியலில் அது உச்சியிலேயே இருந்தது. பிறகு வந்த மறுஆய்வுகளில் நன்றாகவே இறங்கினாலும் காணாமல் போய்விடவில்லை. ஆனால் ஆளை எடைபோடத்தான் கேட்கிறார்கள் என்றால் ஏற்கனவே தீர்ந்துபோன, விடை தெரிந்த பழைய பிரச்சினையைக் கொடுத்தாலே போதும். விடை தெரியாத கேள்வியைக் கொடுத்துவிட்டு எதை வைத்து மார்க் போடுவது? நான் அன்று இதை யோசிக்கவில்லை.

ஜூலை 18 அன்று பிளான்ட் ஹெட் வீடியோவில் பத்து நிமிடம் பேசினார். “எப்போ வர்றீங்க?” என்பதுதான் அவர் கேட்ட முக்கியமான கேள்வி. 8டி அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 24, 25: எடுத்த முடிவு

ஜூலை 24 புதன்கிழமை ஹெச்.ஆர். போன். தேர்வாகிவிட்டீர்கள், சம்பளம் 9 லட்சம், அக்டோபர் 1க்குள் சேர வேண்டும். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை ஆஃபர் லெட்டர் வந்துவிடும். மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் வந்தது: வாழ்த்துகள், வெள்ளிக்குள் கடிதம் அனுப்பப்படும். பின்னாளில் எங்களிடம் இருந்த ஒரே எழுத்து ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

கணக்கு சிக்கலாக இருந்தது. நோட்டீஸ் 60 நாள். அக்டோபர் 1க்குள் போய் நிற்க வேண்டுமென்றால் ஜூலைக்குள்ளேயே பேப்பர் போட்டாக வேண்டும், அதாவது ராஜினாமா கொடுத்தாக வேண்டும். சில நாள் தாமதித்தாலும் மீதி நாளுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு வர வேண்டியிருக்கும், அல்லது சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். இத்தனை சுற்று தாண்டி வந்தபின் அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் அம்மா மட்டும் ஒரே பிடியாக இருந்தார். “ஆடி கழியட்டும்டா. ஆவணி பொறந்ததும் எழுதிக் கொடு.” இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். “லெட்டர் வர்ற வரைக்கும் இருக்கட்டுமா அண்ணா?” என்று கேட்டதற்கு நான் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: “அஞ்சு ரவுண்டு முடிச்சு, டாக்குமென்ட்டும் வாங்கிட்டாங்க. இதுக்கு மேல என்ன? போடுங்க தம்பி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்குமென்ட் கேட்டுவிட்டால் கடிதம் வந்துவிடும் என்பது அதுவரை என் அனுபவம். அது ஒரு காரணம். 75 ஆயிரம் ரூபாய் பில் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் அன்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 25 வியாழன் காலை ராஜினாமா மெயில் போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை.

ஆகஸ்ட்: பேச்சு மூச்சில்லை

முதல் வாரம், “அப்ரூவலுக்குப் போயிருக்கு சார்.” இரண்டாவது வாரம், “கையெழுத்துப் போடுறவர் டூர்ல இருக்கார்.” அதன் பிறகு போனை எடுக்கவில்லை. இவர் அனுப்பிய மெசேஜ்களுக்கு இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தன. ஆகஸ்ட் 16க்குப் பிறகு டிக்கும் நீலமாகவில்லை. ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ் தானே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் இடத்துக்கு வந்தவருக்கு இப்படி ஒரு கேண்டிடேட் இருப்பதே தெரியாது.

இடையில் இவர் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் 4 ஞாயிறு, ஒரகடத்துக்குப் பக்கத்தில் உள்ள படப்பையில் போய் வீடு பார்த்து, 10 ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். குழந்தைக்கு நடுவில் பள்ளி மாற்ற முடியுமா என்று அங்கே இரண்டு பள்ளிகளில் விசாரித்தார். ஓசூர் வீட்டுக்காரரிடம் செப்டம்பர் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னார். நான் வாரத்துக்கு இரண்டு தடவை அவரிடம் “வந்துடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். அவருக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை.

ஆகஸ்ட் 27: நேரில் தெரிந்தது

வேறொரு வேலையாக ஸ்ரீபெரும்புதூர் போனபோது அப்படியே அந்தக் கம்பெனிக்கும் போனேன். தரப் பிரிவு மேலாளர் கேட்டுக்கே வந்து கூட்டிப்போனார். தர்மசங்கடமாக நெளிந்தார். அந்த வேலைக்கான பணியிடம் ஏப்ரல் பட்ஜெட்டில் இருந்தது. ஆனால் ஆள் எடுப்பதற்குத் தலைமை அலுவலகத்தின் இறுதி ஒப்புதல் எந்தக் காலத்திலும் வரவில்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஜூனிலேயே தேர்வை ஆரம்பித்துவிட்டார்கள். ஜூலை கடைசியில் பட்ஜெட்டை மறுபடி பார்த்தபோது அந்தப் பணியிடத்தை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். இது ஆகஸ்ட் 1 அன்றே மேலாளருக்குத் தெரியும்.

“நீங்க ஏன் சார் ஒரு போன் பண்ணல?” என்று கேட்டேன்.

“ஹெச்.ஆர். சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாங்க பேசக் கூடாதுன்னு ரூல்.”

ஹெச்.ஆர். ஏன் சொல்லவில்லை? வந்த உத்தரவில் ‘ரத்து’ என்று இல்லை, ‘நிறுத்தி வைப்பு’ என்று இருந்தது. நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கேண்டிடேட்டிடம் சொன்னால் அவர் வேறு இடம் தேடிப் போய்விடுவார், பிறகு ஒப்புதல் வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஆகவே சொல்லாமல் வைத்துக்கொள்வது வழக்கம். இதை மேலாளர் ரொம்ப இயல்பாகச் சொன்னார். ஒரு பொருளை ஸ்டாக்கில் வைப்பது மாதிரி.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு அடி. “ஆனா கன்சல்டன்சிகளுக்கெல்லாம் ஆகஸ்ட் 2ஆம் தேதியே மெயில் போச்சே சார். உங்களுக்கு வரலையா?”

வந்திருந்தது. கார் பார்க்கிங்கில் நின்று மொபைலில் தேடினேன். எங்கள் பொது மெயில் பெட்டியில், ‘திறந்த பணியிடங்கள் – திருத்திய பட்டியல்’ என்ற தலைப்பில், இணைப்போடு. எக்ஸெல் பட்டியலில் 23 வரி. 17ஆவது வரி எங்கள் வேலை. நிலை என்ற கட்டத்தில் ‘நிறுத்தம்’ என்று குறித்திருந்தது. மெயிலை எங்கள் அலுவலகத்தில் யாரோ திறந்து, புதுப் பணியிடம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறோம். அது நானாகவே இருந்திருக்கலாம். 25 நாளாக விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது மறுநாள் தெரிந்தது. ஆகஸ்ட் 28 அன்று இவர் தன் மேலாளரிடம் போய் ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் வருத்தப்பட்டே சொன்னாராம்: “போன வாரம் திங்கக்கிழமைதான்யா ஒரு பையனுக்கு லெட்டர் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி வந்திருந்தா நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்.” போன வாரத் திங்கள் என்பது ஆகஸ்ட் 19. ஆகஸ்ட் 2 மெயிலை நாங்கள் படித்திருந்தால் அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்திருக்கும்.

அன்று அந்தக் கம்பெனியில் இன்னொன்றும் பார்த்தேன். தரப் பிரிவுக்குப் போகிற வழியில் சுவரில், சப்ளையர்களுக்கு அனுப்பிய கட்டளைகளை ஒட்டிவைக்கும் பலகை. அதில் காற்றுப்போக்கி சுத்தம் செய்யும் அட்டையின் மாதிரி ஒன்று. ஷிப்ட்டுக்கு ஒரு தடவை, கையெழுத்துக்கு ஒரு கட்டம். அது இவர் எழுதியதிலிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. டை காஸ்டிங் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடிய தீர்வுதான். இவரிடம் சொன்னபோது, “கீழ ‘சரிபார்த்தவர்’னு ரெண்டாவது கட்டம் இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது. அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

செப்டம்பரில் யோசித்த வழிகள்

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கிருஷ்ணகிரியில் ஒருவரைப் பார்த்தோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று இல்லை, வாட்ஸ்அப் வரியும் ஒரு ஆதாரம்தான் என்றார். ஆனால் சம்பளம் எவ்வளவு, சேரும் தேதி எது, நிபந்தனை என்ன எதுவும் அந்த வரியில் இல்லை. “கடிதமே கொடுத்து, சேர்த்துக்கிட்டு, ப்ரொபேஷன்ல ஒரு மாச நோட்டீஸ்ல அனுப்பியிருந்தா என்ன கிடைச்சிருக்குமோ, கிட்டத்தட்ட அதைத்தான் நஷ்டஈடாக் கேட்க முடியும். அதுக்கு எத்தனை வருஷம் அலையணும்னு பாத்துக்கோங்க.” ஃபீஸ் வாங்கவில்லை. அப்போது இருந்த தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளர் அலுவலகம் இதெல்லாம் வேலையில் சேர்ந்தவருக்குத்தான், வேலைக்கே எடுக்காதவருக்கு அந்தக் கதவு திறக்காது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

இவர் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். காரணம் செலவு மட்டும் இல்லை. ஓசூரிலிருந்து ஒரகடம் வரை இந்தத் துறை ஒரு தெரு மாதிரி. இன்று கஸ்டமராக இருப்பவர் நாளை மேலாளராக வருவார். ‘கேஸ் போட்டவர்’ என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடக்க அவர் விரும்பவில்லை. எனக்கு அது சரியென்று படவில்லை, ஆனால் நடக்கப்போவது நான் இல்லையே.

கம்பெனியிடம் எழுத்தில் ஒரு விளக்கமும் பயணச் செலவும் கேட்டு நான் மெயில் போட்டேன். ‘எதிர்காலத்தில் பொருத்தமான வாய்ப்பு வந்தால் தொடர்பு கொள்வோம்’ என்று ஒரு பதில் வந்தது. அதில் கேண்டிடேட்டின் பெயரே தப்பு.

நடந்தது என்ன

செப்டம்பர் 23 அவருடைய கடைசி வேலை நாள். ரிலீவிங் லெட்டர் கையில் இருந்தது, போக இடம் இல்லை. ஓசூர் வீட்டுக்காரர் நல்லவர், காலி செய்ய வேண்டாம் என்றார். படப்பை முன்பணம் திரும்பவில்லை. அதில் பாதியை நான் தர முன்வந்தேன். “வேணாம் அண்ணா, அப்புறம் உங்ககிட்ட கோவப்பட முடியாமப் போயிடும்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஏழு வாரம் சம்பளம் இல்லை. இடையில் தீபாவளி. இன்டர்வியூக்குப் போன இடங்களில் எல்லாம் ‘ஏன் வேலை இல்லாமல் இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி. நடந்ததைச் சொன்னால் நம்புகிறார்கள், ஆனால் சம்பளப் பேச்சில் அது அவருக்கு எதிராகவே திரும்புகிறது. ஒரு இடத்தில் பழைய சம்பளத்துக்கும் கீழே கேட்டார்கள். என் வழியாக மூன்று இடத்துக்கு அனுப்பினேன், எதுவும் அமையவில்லை.

கடைசியில் வேலை கிடைத்தது பழைய சக ஊழியர் ஒருவர் மூலமாக. ஓசூரிலேயே, அறுபது பேர் வேலை செய்யும் மெஷினிங் யூனிட். அக்டோபர் 24 போன், 26 சனிக்கிழமை நேரில். முதலாளி மேஜை மேல் இருந்த ஒரு பாகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, “இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க” என்றிருக்கிறார். அது ஆறு மாதத்துக்கு முன் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த பாகம். விடை அவருக்கு முன்பே தெரியும். இருபது நிமிடம் பேசினார்கள். அன்று மாலையே கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. சம்பளம் 7 லட்சத்து 50 ஆயிரம். நவம்பர் 11 அன்று சேர்ந்தார். இதில் எங்களுக்கு ஃபீஸ் எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது.

நாங்கள் மாற்றியது, மாற்ற முடியாதது

முதலாவது, கையெழுத்துப் போட்ட கடிதம் கேண்டிடேட்டின் மெயிலுக்கு வந்து, அதை அவர் படித்து ஒப்புக்கொள்ளும் வரை எங்கள் அலுவலகத்தில் யாரும் ‘பேப்பர் போடலாம்’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சேரும் தேதி தள்ளிப்போகிறது என்றால் போகட்டும். கம்பெனிக்கு அவசரம் என்றால் கடிதத்தை அவசரமாகக் கொடுக்கட்டும்.

அடுத்தது, முதல் பயோடேட்டா அனுப்பும் முன்பே பணியிடத்துக்கு ஒப்புதல் எண் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கிறோம். இதை ஆரம்பித்தபோது இரண்டு கம்பெனிகள் எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. கன்சல்டன்சிக்கு எதற்கு எங்கள் உள்விவகாரம் என்று கேட்டார்கள். மற்றவை கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எண்ணைக் கொடுக்கின்றன. எண் இல்லையென்றால் ‘இது இன்னும் உறுதியாகாத பணியிடம்’ என்று கேண்டிடேட்டிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறோம். அப்படிச் சொல்லியும் சிலர் போகிறார்கள், அது அவர்கள் இஷ்டம்.

நம் ஊரில் இதற்கெல்லாம் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் விளம்பரம் கொடுத்தால், அந்தப் பணியிடம் நிஜமாகவே காலியாக இருக்கிறதா என்று அதிலேயே சொல்ல வேண்டும். இன்டர்வியூ எடுத்தவருக்குக் கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவு ஆகிவிட்டதா என்று தெரிவிக்க வேண்டும். இந்தக் கணக்கை எங்கள் விஷயத்தில் போட்டுப் பார்த்தேன். ஜூலை 18இலிருந்து 45 நாள் என்றால் செப்டம்பர் 1. ஆக, அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தாலும் ஆகஸ்ட் 19க்குள் அவருக்குச் செய்தி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. காலியிடம் நிஜமா என்ற முதல் விதி வேண்டுமானால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்.

பொது மெயில் பெட்டியை இப்போது ஒரே ஒருவர் பார்க்கிறார். இணைப்புகளை முழுசாகத் திறந்து, எந்தக் கேண்டிடேட்டைப் பாதிக்கிறது என்று குறித்துவைப்பது அவர் வேலை. சின்ன விஷயம்தான். ஆனால் இந்த நிகழ்வில் செய்தி எங்கள் கையிலேயே இருந்த ஒரே இடம் அதுதான். வெள்ளிக்கிழமை தோறும், செய்தி இல்லையென்றாலும், ‘இந்த வாரம் செய்தி இல்லை’ என்று நிலுவையில் உள்ள ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறோம். முதலில் பசங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஒன்றும் சொல்வதற்கு இல்லாமல் எப்படிப் போன் செய்வது என்றார்கள்.

வீட்டில் செய்து தரச் சொல்லும் பயிற்சிகளுக்கு, பழைய, முடிந்துபோன பிரச்சினையைக் கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்கிறோம். பாதிப் பேர்தான் ஒத்துக்கொள்கிறார்கள். மற்ற இடங்களில் கேண்டிடேட்டிடம், மூல காரணம் வரை எழுதுங்கள், நிரந்தரத் தீர்வை நேரில் வந்து விளக்குகிறேன் என்று முடித்துவிடுங்கள் என்கிறோம்.

மாற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. ஆள் சேர்ந்தால்தான் எங்களுக்கு இன்றும் பணம். ‘போடுங்க தம்பி’ என்று என்னைச் சொல்ல வைத்த அந்த 8.33 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு தேடும் முறை பெரும்பாலும் பெரிய பதவிகளுக்குத்தான் நடக்கிறது. சப்ளையர் தர இன்ஜினியருக்கு எவரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

2025 ஜனவரியில் அதே ஒரகடம் கம்பெனிக்காக வேறொரு கன்சல்டன்சியிலிருந்து இவருக்குப் போன் வந்தது. உங்கள் ப்ரொஃபைல் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது சார், மிக அவசரம், ஒரு சின்ன மதிப்பீட்டுப் பயிற்சி மட்டும் செய்து அனுப்ப முடியுமா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். இவர், “நான் எழுதினது 14 பக்கம் ஏற்கனவே அங்கேயே இருக்கு மேடம், தேடிப் பாக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அப்படியே அந்தப் பெண்ணிடம் பணியிடத்துக்கு ஒப்புதல் எண் வாங்கிவிட்டீர்களா என்றும் கேட்டிருக்கிறார். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை கூப்பிடவில்லை.